நெல்லுத் தராசில் ஏறின விமானம்

ஸ்கூல் ஃபாரத்துல "தகப்பனார் தொழில்"னு ஒரு கட்டம் இருக்குது. நான் அதுல "மெக்கானிக்"னு எழுதிக் குடுத்தேன். டீச்சர், "இன்னா மெக்கானிக்?"னு கேட்டிருக்காங்க. நம்ம சின்னவ எழுந்து நின்னு, "ஏரோப்ளேன் மெக்கானிக் மிஸ்"னு சொல்லியிருக்கா. கிளாஸே சிரிச்சிருக்குது. "செஞ்சியில பறக்கிறதுன்னா காக்காவும் கோட்டை மேல குரங்கு தூக்கிப் போடுற சிப்ஸ் பாக்கெட்டும்தான்"னு ஒருத்தன் சொன்னானாம். அவ அழுதுக்கிட்டு வீட்டுக்கு வந்தா. அதனாலதான் உங்க ரெண்டு பேருக்கும் இதை உக்காந்து எழுதுறேன். நைனா பத்தாவது வரைக்கும் படிச்சவன். எழுத்துல தப்பு இருந்தா பெரியவன் திருத்திக்கோ.

கல்யாணத்துக்கு முன்னாடி எட்டு வருஷம் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தேன்னு உங்களுக்குத் தெரியும். அங்க போய் நான் விமானம் ஓட்டினதா சின்னவ ஃப்ரெண்டுங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கா. அது தப்பு. முதல் ரெண்டு வருஷம் தரையில சிந்தின ஆயிலைத் துடைச்சேன். அப்புறம் இன்ஜின்ல சிந்தின ஆயிலைத் துடைச்சேன். அதுக்கப்புறம்தான் ஸ்பேனரைக் கையில குடுத்தாங்க. கடைசி நாலு வருஷம் இன்ஜினைப் பிரிச்சுப் பூட்டுற வேலை. பிறகு ஊருக்கு வந்து பம்புசெட் மோட்டார் கடை போட்டேன். கெணத்துல எறங்கி மோட்டார் தூக்குறவனுக்கு விமானம் எதுக்குன்னு நானே மறந்துட்டேன்.

அப்பத்தான் பல் டாக்டர் வந்தார். செஞ்சியில பாதிப் பேர் பல்லு அவர் கையால போனது. என் கடைவாய்ப்பல்லும்தான். அவருக்குத் தொண்டூர் பக்கம் நெலம் இருக்குது. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்ட நெலத்துக்கு நடுவுல நேரா ஒரு மண் ரோடு, அதுக்குக் கடைசியில தகரக் கொட்டாய், கொட்டாய்க்குள்ள ரெண்டு பேர் உக்கார்ற குட்டி விமானம். லைசென்ஸ், பர்மிஷன் எல்லாம் ஒழுங்கா வாங்கி வெச்சிருந்தார். கிளினிக்கை மூடிட்டு ஓய்வா இருக்கிற காலத்துல இதான் அவருக்கு வேலை. அதைப் பார்க்கிறதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்.

இன்ஜினைப் பத்திச் சொல்றேன், கவனமாக் கேளுங்க. பஸ் இன்ஜின்ல சிலிண்டருங்க ரேஷன் கடை க்யூ மாதிரி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நேரா நிக்கும். இந்தக் குட்டி விமானத்துல நாலே சிலிண்டர். அதுவும் நிக்காது, படுத்திருக்கும். இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. ஒரு பாயில நாலு பேர் உள்ளங்காலோட உள்ளங்காலு வெச்சுப் படுத்து உதைச்சு விளையாடுற மாதிரி. உதைக்கிற உதையில நடுவுல இருக்கிற தண்டு சுத்தும், தண்டு சுத்தினா முன்னாடி விசிறி சுத்தும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு பிளக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கணும். மேல போய் ஓரமா நிறுத்திட்டு பிளக் மாத்த முடியாது, பாருங்க.

இன்னொண்ணு, ஒரு போல்ட்டை முடுக்கினா வேலை முடிஞ்சிடாது. அது ஆடிக் கழண்டுடாம மெல்லிய கம்பியை ஓட்டையில விட்டு, ரெண்டு புரியா முறுக்கிக் கட்டணும். ஒரு அங்குலத்துக்கு இத்தனை முறுக்குன்னு கணக்கு உண்டு. உங்க அம்மா ஊருக்குப் போன வாரம் சின்னவளுக்கு நான்தான் ஜடை போட்டேன், ஞாபகம் இருக்கா? சாயங்காலம் வரைக்கும் ஒரு முடி கூடக் கலையல. கண்ணு ரெண்டும் மேல இழுத்துக்கிச்சுன்னு டீச்சர் சொன்னாங்களாம். அந்தக் கம்பிக் கணக்குதான் அது.

டாக்டர் நல்ல மனுஷன். ஆனா பழக்கம் போகாது. பிளக்கைக் கழட்டினா, அந்த ஓட்டையில பல்லு பார்க்கிற கண்ணாடியை விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "ஆ காட்டு"ன்னு சொல்லல, அவ்வளவுதான். போன வருஷம் ஒருநாள் இன்ஜின் பலம் இல்லாம இழுத்துச்சு. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளேயும் காத்தை ஏத்திப் பார்த்தோம். எம்பது ஏத்தினா எழுவதுக்கு மேல நிக்கணும். மூணு சிலிண்டர் நின்னுச்சு. மூணாவது நம்பர் மட்டும் நாப்பத்தஞ்சுல படுத்துக்கிச்சு. காத்து எங்க போவுதுன்னு தெரிஞ்சுக்க டாக்டர் புகைக் குழாய்ல காதை வெச்சார்.

"காத்து வர்ற சத்தம் நல்லாக் கேக்குதுப்பா."

"அப்போ புகை வால்வு போயிடுச்சு டாக்டர்."

"அதான் நானும் சொல்றேன். சொத்தை. புடுங்கிடலாமா?"

அவர் நிமிர்ந்தப்போ காது கன்னம் எல்லாம் கரி. நான் சொல்லல. அப்படியே செஞ்சி பஜாருக்குப் போய்க் காய் வாங்கிட்டு வந்தார்.

வால்வு மட்டும்னா சரி பண்ணியிருப்பேன். ஆயில் ஃபில்டரை அறுத்து உள்ள இருக்கிற காகிதத்தை விரிச்சுப் பார்த்தேன். ஜிகினா தூவின மாதிரி பளபளன்னு இருந்துச்சு. கல்யாணப் பத்திரிகையில ஜிகினா நல்லது. ஆயில் ஃபில்டர்ல இருந்தா, உள்ள இரும்பு தேயுதுன்னு அர்த்தம். அந்த மாடல் இன்ஜினுக்கு இப்போ சாமானும் வர்றதில்ல. கொஞ்சம் பெரிய இன்ஜினா, அதே நாலு சிலிண்டர், ஆனா இருவது குதிரை கூட பலம் உள்ளதா வாங்கி மாத்திடலாம்னு டாக்டர் முடிவு பண்ணினார்.

அவர் வீட்டம்மா ஒரு கண்டிஷன் போட்டாங்க. "ஆறு வருஷமா இது பறந்ததைவிடப் படுத்திருந்ததுதான் அதிகம். இந்த இன்ஜினோட சரி. மெட்ராஸ்லேர்ந்து வர்ற இன்ஜினியர் கையெழுத்துப் போட்டா வெச்சுக்கங்க. போடலைன்னா ஓட்டல்காரருக்குக் குடுத்துடணும்."

ஓட்டல்காரர்ன்னா யாருன்னு சொல்லணும். திண்டிவனம் ரோட்டுல பெரிய பரோட்டா ஓட்டல் வெச்சிருக்கிறவர். விமானத்தை வாங்கி வாசல்ல நிறுத்தி, உள்ள டேபிள் போட்டு பரோட்டா விக்கணும்னு அவருக்கு ஆசை. வாரத்துக்கு ஒருநாள் இஞ்ச் டேப்போட வந்து அளந்துட்டுப் போவார்.

"றெக்கைக்கு அடியில இந்தப் பக்கம் மூணு டேபிள், அந்தப் பக்கம் மூணு டேபிள். மாஸ்டர், இந்த இன்ஜின் இருக்கிற எடம் காலியானா அங்க பரோட்டாக் கல்லு உக்காருமா?"

"உக்காராது."

"சின்னக் கல்லு?"

"சின்னக் கல்லும் உக்காராது."

"சரி, சால்னா பக்கெட்டு?"

நான் ஸ்பேனரைச் சத்தமாக் கீழ வெச்சேன். அவர் கோவிச்சுக்கல. "நீயும் வந்துடு மாஸ்டர். வெள்ளைச் சட்டை, தோள்ல பட்டை வெச்சுத் தர்றேன். வாசல்ல நின்னு சல்யூட் அடிச்சா போதும்"னார். அன்னிக்கு ராத்திரி முழுக்க, எட்டு வருஷம் கத்துக்கிட்ட வேலை கொத்து பரோட்டா சத்தத்துல முடியப்போவுதேன்னு இருந்துச்சு. இந்த இன்ஜினுக்குக் கையெழுத்து வாங்கறதுதான் எனக்கு அப்போ எல்லாமே.

இன்ஜினை மாத்தினேன். போர் மோட்டார் தூக்குற முக்காலியும் செயின் பிளாக்கும் கடையிலேர்ந்து எடுத்துட்டுப் போய்ப் பழசை இறக்கினேன், புதுசை ஏத்தினேன். அதுல ஒரு மாசம் ஓடிடுச்சு. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஜடை பின்னினேன். எல்லாம் முடிஞ்ச பிறகு மிச்சம் இருந்தது எடை.

லாரியில ஒரு மூட்டை கூட ஏத்தினா டயர் அமுங்கும், டிரைவர் முனகுவான், அவ்வளவுதான். விமானத்துல கூட ஏத்தினா அது தரையில ஒண்ணும் சொல்லாது. மேல போன பிறகுதான் சொல்லும். அதனால புது இன்ஜின் போட்டா விமானத்தைத் திரும்ப எடை போட்டே ஆகணும். நம்ம விமானத்தோட புத்தகத்துல ஆள் இல்லாம, பெட்ரோல் இல்லாம முந்நூறு கிலோவுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது. நான் முன்னாடியே நோட்டுல கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். பழைய எடை, அதுலேர்ந்து கழட்டினது போக, மாட்டினது சேர்த்து இருநூத்தித் தொண்ணூத்தஞ்சு வந்துச்சு. அஞ்சு கிலோ மிச்சம்.

மூணு சக்கரத்துக்கு மூணு தராசு வேணும். செஞ்சியில மூணு பெரிய தராசு ஒரே எடத்துல எங்க இருக்கும்? நெல்லு மண்டியிலதான். மண்டி முதலாளி பாய்கிட்ட டாக்டர் கேட்டார். பாய் தராசு மூணையும் குடுத்து, கூடவே தராசுக்காரரையும் மினி லாரியில ஏத்தி அனுப்பி வெச்சார். மண்டியில இருவத்தஞ்சு வருஷமா மூட்டை எடை போடுறவர். விமானத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தார். றெக்கையைத் தட்டிப் பார்த்தார். "ஈரம் இல்ல"ன்னார்.

மூணு தராசு மேலேயும் மூணு சக்கரத்தை ஏத்தி நிறுத்தினோம். அவர் வலது சக்கரத்துக்கிட்டப் போய்க் குந்தினார். சக்கரத்துக் காலை ஒரு கையால அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, முட்டியை அடியில முட்டுக் குடுத்து, தோளை அண்டக் குடுத்து, நம்பரைப் பார்த்துக் கத்தினார்.

"லாபம்! நூத்தி எட்டு!"

மண்டியில ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, லாபம்னுதான் ஆரம்பிப்பாங்க. நானும் அந்த வேகத்துல நோட்டுல "லாபச் சக்கரம் – 108"னு எழுதிட்டேன். அடுத்தது இடது சக்கரம்.

"ரெண்டு! நூத்தி ஆறு!"

மூக்குச் சக்கரத்துக்கும் அதே மாதிரி குந்தி, அணைச்சு, "மூணு! எழுவத்தஞ்சு!"

கூட்டினேன். இருநூத்தி எம்பத்தொம்பது.

டாக்டர் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டார். "பதினோரு கிலோ மிச்சம்பா! நீ அஞ்சுதானே சொன்னே!" எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு. ஆனா வீட்டுக்கு வர்ற வழியில சிரிப்பு போயிடுச்சு. என் கணக்கைவிட ஆறு கிலோ கம்மியா எப்படி இருக்கும்? இரும்பு என்னா பட்டினியா கெடந்துச்சு, எளைக்கிறதுக்கு?

நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தப்பு கெடைக்கல. கேட்டா டாக்டர் சந்தோஷம் போயிடும், வீட்டம்மா காதுக்குப் போகும், ஓட்டல்காரர் டேப்போட வந்துடுவார். தராசு பொய் சொல்லுமா, பத்தாவது படிச்சவன் கணக்குதான் தப்பா இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பிள்ளைங்களா, அப்படி நான் ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதை ஒளிக்காம எழுதிடறேன்.

அந்த ஒரு வாரத்துல டாக்டர் சும்மா இருந்தாரா? பதினோரு கிலோ மிச்சம் இருக்குதுன்னு தெரிஞ்ச மனுஷன், தள்ளுபடி சீசன்ல ஜவுளிக் கடைக்குள்ள பூந்த மாதிரி ஆயிட்டார். முதல்ல சீட்டுக்கு சோபா மெத்தை. ரெண்டரை கிலோ. அப்புறம் பாட்டுப் பெட்டி, ஸ்பீக்கரோட மூணு கிலோ. அப்புறம் ஒரு குட்டி ஃபேன்.

"டாக்டர், முன்னாடியே ஒரு பெரிய ஃபேன் சுத்துது."

"அது வெளியில காத்து அடிக்குது. உள்ள புழுங்குதே."

ஃப்ளாஸ்க்கு மாட்ட ஒரு ஸ்டாண்டு. கடைசியா டவுன் பஸ்ல இருக்கிற மாதிரி ஒரு ஏர் ஹாரன்.

"மேல யாருக்கு டாக்டர் ஹாரன் அடிக்கப் போறீங்க?"

"கழுகு வருமில்ல?"

"கழுகு ஒதுங்கும், டாக்டர். அது படிச்சது."

"பருந்து?"

எல்லாத்தையும் சமையல் தராசுல தனித் தனியா வெச்சுப் பார்த்தோம், ஒம்பது கிலோ. எம்பத்தொம்பதும் ஒம்பதும் தொண்ணூத்தெட்டு. "இன்னும் ரெண்டு கிலோ இருக்குதே"ன்னு அவர் யோசிச்சுக்கிட்டே இருந்தார். சின்னதா ஒரு குத்துவிளக்கு வெக்கலாமான்னு கேட்டார். பெட்ரோல் இருக்கிற எடம்னு சொல்லி நிறுத்தினேன்.

சனிக்கிழமை காலையில மெட்ராஸ்லேர்ந்து இன்ஜினியரம்மா வந்தாங்க. இந்த மாதிரி விமானத்துக்குக் கையெழுத்துப் போட லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்க. முப்பத்தஞ்சு வயசு இருக்கும், கையில டார்ச்சு, தோள்ல பை, வாயில ஒரு வார்த்தை கூட அதிகம் கிடையாது. இன்ஜினைச் சுத்தி ஒரு மணி நேரம் பார்த்தாங்க. நான் பின்னின ஜடை ஒவ்வொண்ணையும் விரலால தொட்டு எண்ணினாங்க. "நல்லா இருக்கு"ன்னாங்க. எனக்கு ஒரு அடி வளர்ந்த மாதிரி இருந்துச்சு.

பிறகு நோட்டை வாங்கிப் பார்த்தாங்க.

"லாபச் சக்கரம்னா எது?"

"வலது பக்கம், மேடம்."

"இடது பக்கம் நஷ்டமா?"

"இல்ல மேடம், அது ரெண்டு."

அவங்க சிரிக்கல. "என் கண் முன்னாடி ஒருதரம் எடை போடுங்க"ன்னாங்க. பாய் அனுப்பின தராசும் தராசுக்காரரும் தயாரா இருந்தாங்க. ஓட்டல்காரரும் தயாரா வேலி ஓரம் நின்னார், கையில டேப்பு. தராசுக்காரர் குந்தினார், அணைச்சார், கத்தினார். லாபம் நூத்திப் பன்னெண்டு, ரெண்டு நூத்திப் பத்து, மூணு எழுவத்தாறு. இருநூத்தித் தொண்ணூத்தெட்டு. டாக்டர் சொன்ன கணக்கேதான். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடிச்சார்.

அந்தம்மா பேனாவைத் திறந்தாங்க.

கையெழுத்து விழுந்தா என் வேலை பொழைச்சுது. ஆனா என் கணக்குப்படி மெத்தை, ஹாரன் எல்லாம் சேர்த்து முந்நூத்தி நாலு வரணும். நான் சொல்றது சரின்னா, கனமான விமானத்துல ஏறி டாக்டர் மேல போவார். அவர் கழுகுக்கு ஹாரன் அடிக்கிற ஆளு. எதையும் கவனிக்க மாட்டார்.

"மேடம்"னேன். பேனா நின்னுச்சு. திரும்பவும், "மேடம், என் கணக்குல வேற வருது. ஆறு கிலோ கூட வருது."

டாக்டர், "யோவ்!"னார்.

ஓட்டல்காரர் வேலியைத் தாண்டி ரெண்டு அடி உள்ள வந்தார்.

அந்தம்மா என் கணக்கு நோட்டை வாங்கி மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சாங்க. அப்புறம் நிமிர்ந்து தராசுக்காரரைப் பார்த்தாங்க. அவர் இன்னும் மூக்குச் சக்கரத்துக்கிட்டத்தான் குந்தியிருந்தார். காலை அணைச்ச கை, அடியில முட்டுக் குடுத்த முட்டி, தோள்.

"அண்ணா, நீங்க ஏன் அதைப் புடிச்சிருக்கீங்க?"

"சாயாம இருக்க, மேடம். எப்பவும் இப்படித்தான் புடிப்பேன். விட்டா மூட்டை சாஞ்சிடுமில்ல?"

"அது சாயாது. மூணு கால் இருக்கு. எல்லாரும் மூணடி தள்ளி நில்லுங்க."

அவர் கையை எடுத்தார். முட்டியை எடுத்தார். எழுந்து ஒரு அடி பின்னால வெச்சார். எழுவத்தாறு இருந்த எடத்துல எம்பது வந்துச்சு.

எல்லாரும் நம்பரைப் பார்த்தோம். அவர் திரும்பக் கிட்டப் போய் முட்டியை வெச்சார். எழுவத்தாறு. எடுத்தார். எம்பது. தன் முட்டியை அவரே குனிஞ்சு பார்த்தார், அது வேற யாரோ கழட்டி வெச்சிட்டுப் போன முட்டி மாதிரி.

"சத்தியமா எனக்குத் தெரியாது, மேடம். அது தானாப் போய் நிக்குது."

டாக்டருக்கு அப்பத்தான் உறைச்சுது. "யோவ் தராசு! போன மாசம் என் மல்லாட்டை மூட்டையை எடை போட்டது நீதானே?"

"ஆமாங்க டாக்டர்."

"முட்டி எங்கய்யா இருந்துச்சு?"

"என்கிட்டத்தாங்க இருந்துச்சு."

அந்தம்மா அப்போ ஒரே ஒருதரம் திரும்பி நின்னாங்க. தோள் குலுங்கினது தெரிஞ்சுது. திரும்பினப்போ முகம் பழையபடி இருந்துச்சு. மூணு தராசையும் அவங்களே படிச்சாங்க. நூத்திப் பதினாறு, நூத்திப் பதினாலு, எம்பது. மொத்தம் முந்நூத்திப் பத்து.

"முந்நூறுதான் அளவு. இறக்குங்க."

டாக்டர் ஒவ்வொண்ணா இறக்கினார். பிள்ளையை ஹாஸ்டல்ல விடுற மாதிரி முகம். ஃபேன் போச்சு. பாட்டுப் பெட்டி போச்சு. ஃப்ளாஸ்க் ஸ்டாண்டு போச்சு. மெத்தையை மடியில வெச்சுக்கிட்டு, "முதுகு வலி மேடம், டாக்டர் சர்ட்டிஃபிகேட் தர்றேன்"னார். "நீங்க பல் டாக்டர்"னாங்க. மெத்தையும் போச்சு. ஹாரனைக் கழட்டும்போது கடைசியா ஒருதரம் அமுக்கினார். அக்கம் பக்கத்துல மேஞ்சிக்கிட்டிருந்த ஆடெல்லாம் ஓடிடுச்சு.

ஒம்பது கிலோவும் இறங்கியாச்சு. முந்நூத்தி ஒண்ணு.

"இன்னும் ஒரு கிலோ"ன்னார் ஓட்டல்காரர். அவர் இப்போ எங்க கூடவே நின்னுக்கிட்டிருந்தார்.

அந்தம்மா என் நோட்டைத் தட்டினாங்க. "உங்க கணக்கு இருநூத்தித் தொண்ணூத்தஞ்சு. தராசு முந்நூத்தி ஒண்ணு. இப்போ யாரும் புடிக்கல. அந்த ஆறு கிலோ எங்க?"

"தெரியல மேடம்."

அவங்க டார்ச்சை அடிச்சுக்கிட்டு இன்ஜினுக்குப் பின்னால தலையை விட்டாங்க. விரலால எதையோ தட்டினாங்க. கோயில் மணி மாதிரி டங்குன்னு கேட்டுச்சு.

"இது இன்னா, பாலமா?"

பிள்ளைங்களா, அதை நான் உங்ககிட்டேயும் இதுவரைக்கும் சொல்லல. புது இன்ஜினுக்குப் பெரிய பேட்டரி. அதை உக்கார வெக்க ஒரு தட்டு வேணும். வாங்கின தட்டைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அலுமினியம், சிப்ஸ் பாக்கெட் மாதிரி மெலிசு. கெணத்து மோட்டாருக்குத் தாங்கி அடிச்ச கை இது. லேத்துப் பட்டறையில போய் ஆங்கிள் இரும்புல நாலு பக்கமும் சட்டம் வெச்சு, அடியில தகடு வெச்சு, நானே வெல்டிங் அடிச்சு, வெள்ளி பெயின்ட் பூசி மாட்டினேன். அது மேல ஒரு எருமை மாடு உக்காந்தாலும் தாங்கும். அதை நோட்டுல எழுதணும்னே எனக்குத் தோணல. அது என் மனசுல எடையா இல்ல, பலமா இருந்துச்சு. பலத்தை யாராவது எடை போடுவாங்களா?

"யார் செஞ்சது?"ன்னாங்க.

டாக்டர் என் பக்கம் கையைக் காட்டினார். தராசுக்காரரும் காட்டினார். அவருக்கு அதுல ஒரு நிம்மதி.

"வெல்டிங் நல்லா இருக்கு"ன்னாங்க அந்தம்மா. "டிராக்டருக்கு."

கழட்டினேன். அத்தனை ஜடையும் நான் பின்னினதுதான், நானே வெட்டினேன். சமையல் தராசுல அது ஏறல, முள்ளு அந்தக் கடைசிக்குப் போய் நின்னுடுச்சு. மண்டித் தராசுல வெச்சோம். ஆறு கிலோ. தராசுக்காரர் மூணடி தள்ளி நின்னு, இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, "லாபம்! ஆறு!"ன்னு கத்தினார்.

பெட்டியில போட்டு வெச்சிருந்த அந்த மெலிசு அலுமினியத் தட்டைத் தேடி எடுத்து, அது கூட வந்த போல்ட்டைப் போட்டு, பேட்டரியை உக்கார வெச்சு, திரும்பப் பின்னி முடிக்க மத்தியானம் ரெண்டு மணி ஆயிடுச்சு. அந்தம்மா வேப்ப மரத்தடியில வேகவெச்ச மல்லாட்டை தின்னுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஓட்டல்காரர் பக்கத்துல உக்காந்து, விமானத்துக்குள்ள சாப்பிட்டா பில்லுக்கு மேல எவ்வளவு போடலாம்னு அவங்ககிட்டயே கருத்துக் கேட்டார்.

முடிச்சேன். அந்தத் தட்டும் போல்ட்டும் சேர்ந்து ஒரு கிலோவை எட்டல. ஏத்தி நிறுத்தினோம். எல்லாரும் சொல்லாமலே மூணடி தள்ளிப் போய் நின்னோம். டாக்டர் நாலடி. அந்தம்மா படிச்சாங்க, எழுதினாங்க, கூட்டினாங்க. இருநூத்தித் தொண்ணூத்தாறுக்குக் கொஞ்சம் கம்மி. பேனா காகிதத்துல ஓடின சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

"உங்க கணக்கு நோட்டையும் இதோட சேர்த்து வெக்கறேன்"ன்னாங்க. "மாட்டினது எல்லாத்தையும் எழுதுங்க இனிமே. பலத்தையும்."

பிறகு விமானத்தைப் பின்னால டிராக்டர்ல கட்டி, இன்ஜினை முழு வேகத்துல ஓட்டிப் பார்த்தோம். நாலு சிலிண்டரும் ஒரே சீரா உதைக்கிற சத்தம். நான் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு பிரிச்சுப் பிரிச்சுக் கேட்டேன். தயங்கின ஒண்ணு இல்ல. பின்னாடி நின்னு வாலை அளந்துக்கிட்டிருந்த ஓட்டல்காரரோட வேட்டி, விசிறி அடிச்ச காத்துல மல்லாட்டைக் கொல்லையைத் தாண்டிப் போயிடுச்சு. அவர் டேப்பை இடுப்புல சுத்திக்கிட்டு அதைத் தேடிப் போனார்.

மறுநாள் காலையில டாக்டர் தனியா ஏறினார். மண் ரோட்டுல ஓடினார், பாதி தூரத்துக்கு முன்னாடியே எழும்பிட்டார். பழைய இன்ஜின்ல கடைசி வேலி வரைக்கும் போய்த்தான் எழும்புவார். தொண்டூர் ஏரி மேல ஒரு வட்டம், பாறைக் குன்று மேல ஒரு வட்டம். வீட்டம்மாவும் வந்திருந்தாங்க. கையைக் கண்ணுக்கு மேல வெச்சுப் பார்த்தாங்க.

"ஏம்பா, இதுல ரெண்டு சீட்டு இருக்குதில்ல?"

"ஆமாம்மா."

"அந்த இன்னொரு சீட்டுல என்னா எடை வரைக்கும் உக்காரலாம்?"

நான் சொன்னேன். அவங்க தன்னைத்தானே ஒருதரம் மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் கொட்டாய்க்குள்ள இருந்த மண்டித் தராசைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க.

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லு"ன்னாங்க.

திரும்பி நின்னேன்.